ஓடைத் தண்ணிய சோதிக்க வாங்கின பிஹெச் பேனா, டிடிஎஸ் பேனா, சொட்டு கிட்: 7 மாசம் யூஸ் பண்ணிட்டு எழுதறேன்

முதல்லயே எதுக்கு வாங்கினேன்னு சொல்லிடறேன், ஏன்னா மீன் தொட்டிக்கு வாங்குறவங்களுக்கு இந்த ரிவ்யூ பாதிதான் பொருந்தும். நான் கோயமுத்தூர்ல ஸ்கூல் டீச்சர், மாமா வீடு கோத்தகிரி பக்கம், தேயிலை வச்சிருக்காங்க. அங்க தோட்டத்துக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு சின்ன ஓடை ஓடுது. ஒண்ணு நேரா சோலைக்குள்ள இருந்து வர்றது, இன்னொண்ணு மூணு நாலு பேரோட தேயிலைத் தோட்டத்த சுத்திட்டு வர்றது. அந்த ரெண்டு ஓடைலயும் இருக்கற பூஞ்சைங்களப் பாக்கணும், தண்ணி மாறினா அதுங்க எப்படி மாறுதுன்னு தெரிஞ்சுக்கணும்னுதான் இந்த சாமான் எல்லாம் வாங்கினேன்.

மூணு சாமான். தண்ணி எவ்வளவு புளிப்புன்னு (அமிலத்தன்மை) காட்டற மஞ்சக் கலர் பிஹெச் பேனா 480 ரூபா. தண்ணில மொத்தமா எவ்வளவு உப்பு கரைஞ்சிருக்குன்னு காட்டற டிடிஎஸ் பேனா 190. மீன் தொட்டி வச்சிருக்கறவங்க வாங்குற சொட்டு டெஸ்ட் கிட், ஜிஹெச் (தண்ணியோட கடினத்தன்மை), கேஹெச் (புளிப்பத் தாங்குற சக்தி), நைட்ரேட் (உரத்துல வர்ற தழைச்சத்து) மூணும் சேத்து 1,350. மூணும் ஒரே ஆன்லைன் கடைல வாங்கினது. பேனா பல பேர்ல விக்குது, படத்தப் பாத்தா எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியுது, அதனால பேர் எதுவும் போடல.

தண்ணிக்குள்ள பூஞ்சையான்னு கேப்பீங்க. ஆமாங்க. ஓடைல விழுந்து கெடக்கற இலைய மொதல்ல மக்க வைக்கறதே அதுங்கதான். 1942ல இங்கிலாந்துல லெஸ்டர் பக்கத்துல ஒரு ஓடைல ஊறிக் கெடந்த ஆல்டர்ங்கற மரத்தோட இலைங்கள்ல இருந்து இங்கோல்டுன்னு ஒருத்தர் இதுங்கள வகை பிரிச்சு எழுதினாரு, அதனால இன்னைக்கும் இங்கோல்டியன் பூஞ்சைன்னு சொல்றாங்க. இதுங்களோட வித்து இருக்கே, அதப் பாத்தா மறக்க முடியாது. நெருஞ்சி முள்ள கீழ போட்டா எப்படிப் போட்டாலும் ஒரு முள் மேல பாத்து நிக்கும்ல, அதே மாதிரி நாலு கை விரிச்ச வித்து. ஓடுற தண்ணில உருண்டு வந்து இலை மேல மோதும்போது மூணு கை ஒட்டிக்கும், அப்புறம் தண்ணி இழுத்தாலும் போகாது. உருண்டையா இருக்கற வித்தா இருந்தா ஒரு புள்ளிலதான் தொடும், வழுக்கிட்டுப் போயிடும்.

இந்த வித்தெல்லாம் நுரைல மாட்டிக்கும். சின்ன அருவி விழுற எடத்துக்குக் கீழ, கல்லு ஓரமா, பால் பொங்கின மாதிரி லேசா பழுப்பு நுரை தேங்கி நிக்கும் பாருங்க, அது சோப்பு கெடையாது, இலை ஊறின சாறுல வர்றது. அத ஸ்பூன்ல வழிச்சு ஒரு சின்ன டப்பால போட்டா கொஞ்ச நேரத்துல கரைஞ்சு பழுப்புத் தண்ணியா நிக்கும். அதுல ஒரு சொட்டு ஸ்லைடுல வச்சு ஃபோல்ட்ஸ்கோப்ல பாப்பேன். ஸ்டான்ஃபோர்டுல மனு பிரகாஷ் குழு 2014ல வெளியிட்ட அந்த காகித மைக்ராஸ்கோப்தான், 140 மடங்கு பெருசா காட்டும், இந்த வேலைக்கு அது அருமையாப் போதும், ஏன்னா இந்த வித்துங்க நல்ல பெருசு, கை எல்லாம் விரிச்சா நம்ம தலைமுடி தடிமன் அளவுக்கோ அதுக்கு மேலயோ வரும். ஆனா நுரை எடுத்து சில மணி நேரத்துக்குள்ள பாத்துடணும், இல்லன்னா டப்பாக்குள்ளயே முளைக்க ஆரம்பிச்சுடும், அப்புறம் எது எதுன்னு அடையாளம் தெரியாது.

மொத தடவை நான் நுரை வழிக்கறதப் பாத்துட்டு மாமா, "என்ன கண்ணு, அழுக்கப் போயி அள்ளிட்டு இருக்க, கைய கழுவிட்டு வா, டீ ஆறுது"ன்னாரு. அன்னைக்கு சாயங்காலம் அவரையும் ஃபோல்ட்ஸ்கோப்ல பாக்க வச்சேன். ரொம்ப நேரம் கண்ண எடுக்கல. "இத்தன வருசமா இதத் தாண்டித் தாண்டிப் போயிருக்கேனே"ன்னாரு.

சரி, இப்ப சாமானுக்கு வர்றேன்.

பிஹெச் பேனா. கூட மூணு பொடி பாக்கெட் வருது, 4.01, 6.86, 9.18. ஒவ்வொண்ணையும் 250 மில்லி டிஸ்டில்டு வாட்டர்ல கரைச்சு பேனாவ அதுல வச்சு சரி பண்ணிக்கணும். நான் பெட்ரோல் பங்க்ல விக்கற பேட்டரி தண்ணி யூஸ் பண்ணேன், ஒண்ணும் பிரச்சனை இல்ல. சரி பண்ணின உடனே 6.86ல வச்சா 6.86 காட்டுது, 4.01ல வச்சா 4.02 காட்டுது. நல்ல பேனான்னு நம்பி சந்தோசமா ஓடைக்குப் போனேன்.

ஓடைல வச்சதும் 7.4 காட்டுச்சு. அரை நிமிசத்துல 7.0. இன்னும் கொஞ்சத்துல 6.7. எறங்கிட்டே போகுது, நிக்கவே இல்ல. வெளிய எடுத்து திரும்ப வச்சா 7.1ல ஆரம்பிக்குது. பேனா கெட்டுப் போச்சுன்னு கடைக்காரருக்கு மெசேஜ் போட்டு மாத்தி வாங்கினேன், ரெண்டாவது பேனாவும் அதே கதை. வீட்டுக்கு வந்து போர் தண்ணில வச்சா 7.6ல கல்லு மாதிரி நிக்குது.

அப்பறம்தான் தேடிப் படிச்சுப் புரிஞ்சுக்கிட்டேன். பேனா முனைல இருக்கற கண்ணாடிக் குமிழ் மின்னழுத்தத்த அளக்குது, அது ஒழுங்கா நிக்கணும்னா தண்ணில கரைஞ்ச உப்பு ஓரளவாவது இருக்கணும். நீலகிரி பக்கம் பாறை எல்லாம் சார்னோக்கைட், லேசுல கரையாத கல்லு, அதனால ஓடைத் தண்ணி மழைத் தண்ணிக்கு கொஞ்சம் மேல அவ்வளவுதான். என்னோட டிடிஎஸ் பேனால சோலை ஓடை 22 காட்டுது, கோயமுத்தூர் வீட்டு போர் தண்ணி 900க்கு மேல. இந்த 480 ரூபா பேனா 22 டிடிஎஸ் தண்ணிக்குன்னு செஞ்சதே இல்ல. சரி பண்ணக் குடுக்கற பொடிக் கரைசல் நல்ல உப்புக் கரைசல், அதனால அதுல மட்டும் கரெக்டா காட்டி நம்மள நம்ப வச்சுடுது. விக்கறவங்க யாருமே இத டப்பால போடல, இது எனக்கு உண்மையாவே வருத்தம், ஏன்னா மலைல தண்ணி டெஸ்ட் பண்றவங்க எத்தன பேர் இந்த ஆடுற நம்பர எழுதி வச்சிருப்பாங்க.

இதுக்கு வழி இருக்கு. சுத்தமான பொட்டாசியம் குளோரைடு கொஞ்சம் வாங்கி வச்சுக்கிட்டு, கப்புல எடுத்த ஓடைத் தண்ணில ஒரு சிட்டிகை போட்டு கலக்கிட்டு அளந்தா பேனா சீக்கிரமா நிக்குது, அந்த உப்பு பிஹெச்ச பெருசா மாத்தாது. உரக்கடை பொட்டாஷும் அதே உப்புதானேன்னு அத எடுத்துப் போடாதீங்க, அதுல கலப்பு இருக்கு. இன்னொண்ணு, ஓடுற தண்ணில பேனாவ முக்கக் கூடாது, கப்புல எடுத்து அசையாம வச்சு ரெண்டு நிமிசம் விட்டுப் பாக்கணும். பாட்டில்ல புடிச்சு வீட்டுக்குக் கொண்டு வந்து அளக்கவே கூடாது, ஊத்துத் தண்ணில கரைஞ்சிருக்கற கார்பன் டை ஆக்சைடு வெளிய போயிடுது, நம்பர் ஏறிடுது. எனக்கு ஓடைகிட்ட 6.4 வந்தது, ரெண்டு மணி நேரம் கழிச்சு வீட்டுல 6.9.

இவ்வளவு மெனக்கெட்டு பிஹெச் எதுக்குன்னா, அது இந்த பூஞ்சைங்களுக்கு ரொம்ப முக்கியம், ஆனா நான் மொதல்ல நெனச்ச மாதிரி இல்ல. புளிப்புத் தண்ணி கெட்டது, நடுநிலை நல்லதுன்னு நேர்கோடா ஒண்ணும் கெடையாது. 1981ல பேர்லாக்கர், ரோசே ரெண்டு பேரும் ஜெர்மனி கருங்காட்டுல ரெண்டு ஓடை, சுவிட்சர்லாந்து ஜூரா மலைல ரெண்டு ஓடைன்னு எடுத்து ஒப்பிட்டாங்க. கருங்காட்டு தண்ணி மென்மையானது, அதாவது சுண்ணாம்புச் சத்து கம்மி, ஜூரா சுண்ணாம்பு மலை, கடினத் தண்ணி. மென்மையான தண்ணிலதான் பூஞ்சை இனங்கள் அதிகம். அப்ப மென்மையான, லேசா புளிப்பான தண்ணிதான் இதுங்களுக்குப் புடிச்சதுன்னு தோணும். ஆனா 1987ல ஷாமியேங்கறவங்க இங்கிலாந்து லேக் டிஸ்ட்ரிக்ட்ல 7 ஓடைல இலை மக்கறதப் பாத்தப்ப, புளிப்பான ஓடைலதான் இலை மெதுவா மக்கிச்சு.

இது ஏன்னு யோசிச்சு ரெண்டு நாள் மண்டை காஞ்சுது. இலைல செல்லையும் செல்லையும் ஒட்டி வச்சிருக்கற பசை பெக்டின், கொய்யா ஜாம் கெட்டியாகுதே அதே பெக்டின்தான். பூஞ்சை இந்தப் பசைய ஒடைக்க நொதி விடுது. அதுல ஒரு வகை நொதிக்கு கால்சியமும் வேணும், தண்ணி நடுநிலைக்கு மேலயும் இருக்கணும். புளிப்பான, கால்சியம் கம்மியான தண்ணில அந்த நொதி சரியா வேலை செய்யாது, வேற நொதிய நம்பித்தான் இருக்கணும், வேகம் கொறையுது. ஆக எத்தன இனம் இருக்குங்கறது ஒரு கணக்கு, எவ்வளவு வேகமா இலை மக்குதுங்கறது வேற கணக்கு. பிஹெச்ச மட்டும் அளந்துட்டு "இந்த ஓடை நல்லாருக்கு"ன்னு சொல்லவே முடியாது, கூடவே கால்சியத்தையும் பாக்கணும், தண்ணியோட தாங்கு சக்தியயும் பாக்கணும்.

அதனாலதான் சொல்றேன், மூணுல எனக்கு ரொம்ப உதவினது சொட்டு கிட்தான், குறிப்பா கேஹெச். புளிப்பு சேந்தா தண்ணி எவ்வளவு தாங்கும்னு சொல்றது அது. 5 மில்லி தண்ணி எடுத்து சொட்டு சொட்டா விட்டு நீலம் மஞ்சளா மாற எத்தன சொட்டு ஆச்சுன்னு எண்ணணும், ஒரு சொட்டுக்கு ஒரு டிகிரி, அதாவது லிட்டருக்கு 17.9 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட் கணக்கு. மீன் தொட்டிக்கு இது சரி. சோலை ஓடைல மொத சொட்டுலயே மஞ்சளாயிடுச்சு! 0.1ஆ 0.9ஆன்னே தெரியல. அதுக்கு 5க்கு பதிலா 20 மில்லி எடுங்க, அப்ப ஒரு சொட்டு கால் டிகிரி. 20 மில்லில 3 சொட்டுல மாறிச்சு, அப்படின்னா 0.75 டிகிரி, லிட்டருக்கு 13 மில்லிகிராம் சொச்சம். தேயிலை ஓடை 6 சொட்டு. பின்னாடி ஒரு வெள்ளைப் பேப்பர் வச்சுக்கிட்டுப் பாருங்க, அவ்வளவு தண்ணில கலர் ரொம்ப வெளுப்பாத்தான் தெரியும், மொத தடவை தவறவிட்டுட்டு திரும்ப பண்ணேன்.

இந்த 13ங்கற நம்பரப் பாத்தப்ப கொஞ்சம் பயமாவே இருந்துச்சு. இப்படித் தாங்கு சக்தி இல்லாத தண்ணிலதான் புளிப்பு ஏறினா மண்ணுல இருந்து அலுமினியம் கரைஞ்சு வரும். பிரான்ஸ்ல வோஸ்ஜ் மலைல அமில மழையால அப்படித்தான் ஆச்சு, 2008ல வந்த ஆய்வுல அலுமினியம் கூடின ஓடைங்கள்ல பூஞ்சை இனங்களும் கொறைஞ்சு, இலை மக்கறதும் கெட்டுப் போனதக் காட்டினாங்க. நம்ம சோலை ஓடை இன்னைக்கு நல்லாத்தான் இருக்கு, ஆனா அதுக்கு சேமிப்புன்னு கையில எதுவும் இல்ல.

ஜிஹெச் பத்தி சொல்ல பெருசா இல்ல, அதுலயும் 20 மில்லி வித்தைதான்.

நைட்ரேட் டெஸ்ட்தான் பெரிய ஏமாற்றம். ரெண்டாவது பாட்டில்ல கீழ படிஞ்சிருக்கும், நல்லா அரை நிமிசம் குலுக்கணும், குலுக்கலன்னா எப்பவும் கம்மியாத்தான் காட்டும், அது தெரிஞ்சுதான் பண்ணேன். சோலை ஓடை பளிச்சுனு மஞ்சள், அதாவது பூஜ்யம். தேயிலை ஓடைல உரம் வச்சு மொத மழை பேஞ்சப்ப லேசா ஆரஞ்சு, 5ன்னு வச்சுக்கலாம், மத்த நாள் அதுவும் மஞ்சள். கலர் அட்டைல 0க்கு அடுத்தது நேரா 5. அந்த 5ங்கறது நைட்ரேட் கணக்கு, நைட்ரஜன் கணக்குல சொன்னா 1.1 மில்லிகிராம் சொச்சம், ஆய்வுகள்ல பெரும்பாலும் நைட்ரஜன் கணக்குலதான் போடறாங்க, ஒப்பிடும்போது மாத்திக்கணும்.

பிரச்சனை என்னன்னா பூஞ்சைக்கு நடக்கற முக்கியமான மாற்றம் நெறைய அந்த 0க்கும் 5க்கும் நடுவுலயே நடந்து முடிஞ்சுடுது. 1995ல சூபர்கிராப்பும் ஷோவேயும் தண்ணி வேதியியல் வேறவேறயா இருக்கற ஓடைங்கள்ல ஒரே மரத்து இலைய, டூலிப் மரத்து இலைய போட்டுப் பாத்தாங்க, நைட்ரேட் கூடக்கூட பூஞ்சையும் செழிச்சு இலையும் சீக்கிரம் மக்கிச்சு. அப்புறம் அமெரிக்கால வட கரோலினா கொவீட்டாவுல ஒரு ஓடைக்கே நைட்ரஜனும் பாஸ்பரஸும் கொஞ்சம் கொஞ்சமா விட்டுப் பாத்தாங்க, உரம் கலந்த பகுதில பூஞ்சை வளர்ச்சியும் வித்து விடறதும் கூடிச்சு. பூஞ்சை இலைல இருந்து மட்டும் சாப்பிடல, ஓடுற தண்ணில இருந்தும் நைட்ரஜன் பாஸ்பரஸ் எடுத்துக்குது, அதான் விசயம். அதெல்லாம் சின்னச் சின்ன அளவு. நம்ம கிட் அங்க எல்லாம் "மஞ்சள்"னு சொல்லிட்டுப் போயிடும்.

அப்ப உரம் கலந்தா ஓடைக்கு நல்லதுதானேன்னு மாமாவே கேட்டாரு. இல்ல மாமா, 2012ல ஐரோப்பால 100 ஓடைல பண்ணின ஆய்வுல, ரொம்ப சத்து இல்லாத ஓடைலயும் இலை மெதுவா மக்கிச்சு, ரொம்ப உரம் சேந்த ஓடைலயும் மெதுவாத்தான் மக்கிச்சு, நடுவுல மட்டும்தான் வேகம்னு வந்துச்சுன்னு சொன்னேன். அதுல இலையத் தின்ற பூச்சிங்களோட பங்கு பெருசு. பூஞ்சை ஊறி மெத்துன்னு ஆக்கின இலையத்தான் அந்தப் பூச்சிங்க விரும்பித் தின்னும், பூஞ்சை படாத இலை அதுக்கு வெறும் சக்கை. பூச்சி அழுக்குத் தண்ணில செத்துட்டா பூஞ்சை மட்டும் எவ்வளவு பண்ணும். இலை வேகமா மக்கறதும் எப்பவும் நல்ல செய்தி இல்ல, மழைக்காலம் வரைக்கும் பூச்சிக்கு இருக்க வேண்டிய சாப்பாடு முன்னாடியே தீந்துடும்.

டிடிஎஸ் பேனா 190 ரூபாக்கு நல்ல சாமான், ஒரு குறையும் இல்ல. அது ஒண்ணத்தையும் தனியா சொல்லாது, மொத்தமா எவ்வளவு கரைஞ்சிருக்குன்னு மட்டும்தான் சொல்லும், ஆனா சீக்கிரம் சொல்லும், ஒரே மாதிரி சொல்லும். சோலை ஓடை 7 மாசமும் 20ல இருந்து 26க்குள்ளதான். தேயிலை ஓடை 48ல இருந்து 75 வரைக்கும் ஆடுது, உரம் வச்ச வாரம் ஏறுது. மேல என்னமோ நடக்குதுன்னு மொதல்ல தெரிஞ்சது இதுலதான்.

நுரைல என்ன பாத்தேன்னு கேட்டா, சோலை ஓடை நுரை ஒரு சொட்டுல ஏழு எட்டு வடிவம் வரும், நாலு கை நெருஞ்சி வகை, பிறை மாதிரி வளைஞ்சது, பட்டம் மாதிரி கை விரிச்சது, மேற்குத் தொடர்ச்சி மலைல நெறைய கெடைக்கற ட்ரைசெலோஃபோரஸ்ங்கற பூஞ்சைன்னு நான் நெனைக்கற மூணு கால் வகை. தேயிலை ஓடைல வித்து எண்ணிக்கை கம்மி இல்ல, சில நாள் கூடவே இருக்கும், ஆனா பெரும்பாலும் நீள நூல் மாதிரி வளைஞ்ச ஒரே வகை. சீக்கிரம் பாக்கணும்னா இன்னொரு வழி இருக்கு. ஓடைல ஊறின இலைய எடுத்து லேசா அலசி, சின்னத் துண்டா வெட்டி, ஜாடில பேட்டரி தண்ணி ஊத்தி மீன் தொட்டி ஏர் பம்ப் போட்டு ரெண்டு நாள் குமிழ் விட்டா, இலைல இருக்கற பூஞ்சை வித்த தண்ணில விட ஆரம்பிச்சுடும். ஓடுற தண்ணின்னு நெனச்சுக்குது போல. மூணாவது நாள் காலைல ஒரு சொட்டுப் பாத்தா ஸ்லைடு பூரா நாலு கை விரிச்சு நிக்குது, என் எட்டாங்கிளாஸ் பசங்க அன்னைக்கு இன்டர்வல் பெல் அடிச்சும் வெளிய போகல.

யாருக்கு எது வாங்கலாம்னா, மலை ஓடைக்குன்னா டிடிஎஸ் பேனா கண்டிப்பா, 5க்கு 5. கேஹெச் ஜிஹெச் சொட்டு கிட், 20 மில்லி வித்தையோட, 4. பிஹெச் பேனா பொட்டாசியம் குளோரைடு இல்லாம 1, இருந்தா 3, அதுவும் குமிழ் காயாம மூடில அந்த உப்புக் கரைசல் ஊத்தி வைக்கணும், பேட்டரி தண்ணில ஊற வச்சா கெட்டுப் போகும். நைட்ரேட் கிட் ஓடைக்கு வாங்காதீங்க, அந்தக் காசுக்கு வருசத்துல ரெண்டு தடவ லேப்ல குடுத்து மைக்ரோகிராம் அளவுல பாத்துக்கலாம். போர் தண்ணி, குளம், மீன் தொட்டின்னா எல்லாமே நல்லா வேலை செய்யும், தாராளமா வாங்குங்க.

இந்த எந்த சாமானும் அளக்காத ஒண்ணு இருக்கு, அது செம்பு. தேயிலைல கொப்புள நோய்க்கு மழை, பனி சீசன்ல காப்பர் ஆக்ஸிகுளோரைடு அடிக்கறாங்க, அது பூஞ்சைய கொல்லத்தான் அடிக்கறது, இலை மேல இருக்கற பூஞ்சை, ஓடைல இருக்கற பூஞ்சைன்னு அதுக்கு வித்தியாசம் தெரியாது. ஜெர்மனில மான்ஸ்ஃபெல்டு பழைய செம்புச் சுரங்கப் பக்கம் உலோகம் கலந்த தண்ணிலயும் சில பூஞ்சைங்க தாக்குப் புடிச்சு இருக்கறதப் பாத்திருக்காங்க, ஆனா இனங்கள் கொறைஞ்சு போச்சு. தேயிலை ஓடைல ஒரே வகை நூல் வித்து வர்றதுக்கு இதுதான் காரணமான்னு என் பேனாவெல்லாம் வச்சு சொல்ல முடியாது, செம்பு லேப்லதான் பாக்கணும், சாம்பிள் குடுத்திருக்கேன். மாமாகிட்ட பேசினேன், ஓடைய ஒட்டி நாலு வரிசைச் செடிக்கு இந்த வருசம் மருந்து அடிக்காம விடறேன்னுருக்காரு, "நோய் வந்தா அந்த நாலு வரிசைய கவாத்து பண்ணிக்கலாம் விடு"ன்னாரு. ஐப்பசி மழை விட்டதும் அதே கல்லுக்குக் கீழ நுரை எடுத்துப் பாத்துட்டு, லேப் ரிசல்ட்டோட இதுக்குக் கீழயே சேத்து எழுதறேன்.